சிகரெட் வாடை புடிச்ச ஏர்கோன்: கழட்டிக் கழுவுற சர்வீஸ் பத்தி என்னோட ரிவ்யூ

சிகரெட் குடிச்ச வீட்ட சப்சேல்ல (பழைய ஓனர்கிட்டேர்ந்து) வாங்குனவங்க, சேவாவுக்கு (வாடகைக்கு) எடுத்தவங்க, ஏர்கோன தொறந்த உடனே பழைய புகை வாடை மூஞ்சில அடிக்குதுன்னு தவிக்கிறவங்க, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன். கேஎல்ல (கோலாலம்பூர்ல) ஏர்கோன் சர்வீஸ் செய்றவங்க தாமானுக்கு (குடியிருப்புக்கு) பத்து பேரு இருக்காங்க, ஆனா புகை வாடைன்னு சொன்னா அதுக்கு என்ன செய்யணும்னு தெரிஞ்சு செய்றவங்க கொஞ்ச பேருதான். எங்களுக்கு கெடச்ச அண்ணன் அந்த கொஞ்ச பேருல ஒருத்தர். செந்தூல் பக்கம், கூட ஒரு தம்பிய மட்டும் வச்சிக்கிட்டு செய்றாரு. பேரு நம்பர் எதுவும் போட வேணாம்மான்னு சொல்லிட்டாரு, கையில இருக்குற வேலைக்கே நேரம் பத்தலயாம், அதனால போடல. ஆனா அவரு என்னென்ன செஞ்சாரு, எப்படி செஞ்சாரு, எவ்ளோ எடுத்தாரு எல்லாத்தையும் சொல்லிடறேன், நீங்க கிள்ளான்ல இருந்தாலும் பூச்சோங்ல இருந்தாலும் வர்ற ஆளுகிட்ட இதே வேலைய கேட்டு வாங்கிக்கலாம்.

எங்க வீடு ஜாலான் ஈப்போ பக்கம் பழைய கொண்டோ. முன்ன இருந்த ஓனர் தனி ஆளு, ஹால்லயும் மாஸ்டர் ரூம்லயும் ஜன்னல் கதவு எல்லாத்தையும் சாத்திட்டு ஏர்கோன் போட்டுக்கிட்டே வருஷக்கணக்கா சிகரெட் புடிச்சிருக்காரு. நம்ம மலேசியாவுல மாமாக் சாப்பாட்டுக் கடையில கூட 2019 ஜனவரி 1லேர்ந்து புடிக்கக் கூடாதுன்னு ஆயிருச்சு, ஆனா சொந்த வீட்டுக்குள்ள யாரு போய் கேக்க முடியும். வீடு பாக்க வந்தப்ப ஜன்னல் எல்லாம் விரிய தொறந்து வச்சிருந்தாங்க, புது பெயின்ட் வாடைதான் வந்துச்சு. சாவி வாங்கி குடி வந்து ராத்திரி ரூம்ல ஏர்கோன தொறந்ததும்தான் உள்ள இருந்தது வெளிய வந்துச்சு. அம்மாவுக்கு ஆஸ்துமா. அன்னிக்கே இரும ஆரம்பிச்சு, இன்ஹேலர் எடுத்து, ரூம விட்டு வெளிய வந்து ஹால்ல காத்தாடிக்கு கீழ பாய் போட்டு படுத்தாங்க. எங்களுக்குன்னா பொறுத்துக்கிட்டு போயிருவோம், பெத்தவங்க மூச்சுக்கு கஷ்டப்படறத பாத்துக்கிட்டு எப்படி சும்மா இருக்குறது.

இந்த வாடை ஏன் லேசுல போறதில்லன்னு மொதல்ல புரிஞ்சிக்கணும், இது புரியலன்னா காசு போய்க்கிட்டேதான் இருக்கும். நம்ம வீட்டு சுவத்துல மாட்டியிருக்குற ஸ்ப்ளிட் யூனிட் வெளிக் காத்த உள்ள கொண்டு வர்றதே இல்ல. ரூம்ல இருக்குற அதே காத்த மேல பக்கமா இழுத்து, குளிர வச்சு, கீழ தள்ளுது, திரும்ப அதையே இழுக்குது. முன்னாடி இருக்குற நெட்டு மாதிரி ஃபில்டர் தூசியையும் முடியையும்தான் புடிக்கும், சிகரெட் புகையில இருக்குற துகள் முக்காவாசி ஒரு மைக்ரானுக்கும் கம்மி, அதுக்கு அந்த நெட்டு ஒரு தடையே இல்ல. உள்ள போனா குளிர்ந்து ஈரமா இருக்குற காயில், அலுமினியத் தகடு வரி வரியா நெருக்கமா இருக்கும், அதுல தாரும் நிக்கோடினும் போய் ஒட்டிக்கும். அதுக்கு பின்னாடி நீளமா உருளை மாதிரி சுத்துற புளோவர், அந்த புளோவர் றெக்கையிலயும் அப்பிக்கும். பிசுக்கு ஏற ஏற தூசி வந்து ஒட்டும், தூசி சேர சேர ஈரம் தங்கும், நம்ம ஊரு ஈரப்பதம் வேற சராசரியா 80 சதவீதம் பக்கம். அப்புறம் ஏர்கோன தொறந்தா காயில் ஈரமாகும்போது ஒரு தடவ வாடை கெளம்பும், கம்ப்ரஸர் நின்னு காயில் காயும்போது இன்னொரு தடவ கெளம்பும். இது காத்துல மெதக்கற வாடை இல்ல, பொருள் மேல படிஞ்சு ஒக்காந்திருக்குற பிசுக்கு. ஜன்னல எத்தன நாள் தொறந்து வச்சாலும் பிசுக்கு எழுந்து போயிறாது.

இதுல உடம்பு சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கு. சுவத்துலயும் துணியிலயும் தங்குற இந்த மிச்சத்துக்கு தேர்ட் ஹேண்ட் ஸ்மோக்னு ஆராய்ச்சி செய்றவங்க பேரு வச்சிருக்காங்க. அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்து ஆளுங்க 2010ல காட்டுனாங்க, படிஞ்சு கெடக்குற நிக்கோடின் வீட்டுக் காத்துல இருக்குற நைட்ரஸ் ஆசிடோட சேந்து நைட்ரோசமைன்ங்கற புற்றுநோய் உண்டாக்குற சாமானா மாறுதுன்னு, அந்த நைட்ரஸ் ஆசிட் கேஸ் அடுப்புலேர்ந்தும் வருது. 2011ல சான் டியகோ ஸ்டேட் யூனிவர்சிட்டி குழு செஞ்ச ஆய்வுல, சிகரெட் புடிச்சவங்க காலி பண்ணி போன வீடு ரெண்டு மாசம் போல சும்மா கெடந்து, சுத்தம் பண்ணி, சில வீட்டுல பெயின்ட் கூட அடிச்சு, அதுக்கப்புறம் சிகரெட்டே தொடாதவங்க குடி வந்தும் அவங்க வெரல்ல நிக்கோடின் இருந்துச்சாம், சிறுநீர்ல கூட அதோட தடயம் இருந்துச்சாம். இத படிச்சதுக்கு அப்புறம்தான் நான் இந்த விஷயத்துல தீவிரமா எறங்குனேன். வாடைதானே, பழகிரும்னு சொல்றவங்க இருக்காங்க. மூக்குக்கு பழகிரும், உண்மதான். அம்மாவோட நெஞ்சுக்கு பழகல.

மொதல்ல வந்தது ஒரு கம்பெனி, பேரு சொல்லல. கெமிக்கல் சர்வீஸ் 130 வெள்ளி (ரிங்கிட்) ஒரு யூனிட்டுக்குன்னாங்க, புகை வாடைன்னு தெளிவா சொல்லித்தான் கூப்ட்டேன். வந்த பையன் முன் மூடிய கழட்டுனான், ஃபில்டர பாத்ரூம்ல அலசுனான், யூனிட்ட சுத்தி பிளாஸ்டிக் பை கட்டி மேலாக்க பம்ப் தண்ணி அடிச்சான், கடைசியில எலுமிச்ச வாசன ஸ்ப்ரே ஒன்ன உள்ள அடிச்சிட்டு முடிஞ்சுச்சுக்கான்னான். அர மணி நேரம் கூட ஆகல. அதோட கேஸ் கொஞ்சம் கொறவா இருக்கு, டாப் அப் பண்ணணும், அதுக்கு தனியா காசுன்னு வேற. இத எல்லாரும் தெரிஞ்சு வச்சிக்கணும், ஏர்கோன் கேஸ் கார் பெட்ரோல் கெடையாது, ஓட ஓட தீர்ந்து போறதில்ல, மூடுன பைப்புக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், கொறையுதுன்னா எங்கயோ லீக், லீக்க அடைக்காம கேஸ் மட்டும் ஏத்துறது காச தண்ணியில போடற வேல. நான் வேணாம்னுட்டேன். நாலஞ்சு நாளு எலுமிச்ச வாசன, அப்புறம் எலுமிச்சையும் சிகரெட்டும் கலந்து ஒரு வாடை, அது முன்னயவிட மோசம்.

கூப்ட்டு சொன்னா அதுக்கு ஓசோன் ட்ரீட்மென்ட் இருக்கு, 350 வெள்ளி, மெஷின ரூம்ல வச்சு சாத்திட்டா வாடை செத்துரும்னாங்க. இதுக்கு மட்டும் தயவு செஞ்சு தலையாட்டிறாதீங்க, அதுவும் வீட்டுல ஆஸ்துமாக்காரங்க, சின்னப் புள்ளைங்க இருந்தா. அமெரிக்க சுற்றுச்சூழல் துறையே சொல்லுது, மனுஷன் மூச்சு விடறதுக்கு பாதுகாப்பான அளவுல ஓசோன் விட்டா அது காத்துல இருக்குற கெட்டத அவ்வளவா எடுக்காது, எடுக்குற அளவுக்கு விட்டா நுரையீரலுக்கு ஆபத்து. ஆள வெளிய அனுப்பிட்டு செய்வோம்னு சொல்வாங்க, சரி, ஆனா ஓசோன் நிக்கோடினோட சேந்தா ஃபார்மால்டிஹைடும் ரொம்ப நுண்ணிய துகளும் உண்டாகுதுன்னு ஆய்வுல வந்திருக்கு, அப்புறம் ரப்பர் சாமானையும் கெடுக்கும். புளோவர்ல அப்பியிருக்குற பிசுக்கு மட்டும் அப்படியேதான் இருக்கும்.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி பண்டான் இலைய கட்டி வைக்கச் சொன்னாங்க, நல்ல மனசோடதான் சொன்னாங்க, வச்சேன், ரூம் வாசமா இருந்துச்சு, ஏர்கோன தொறந்தா பழைய கததான். ஏர் பியூரிஃபையர் பத்தி ஒரு வார்த்த. ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள 99.97 சதவீதம் புடிக்கும்னு டப்பாவுல போட்டிருப்பாங்க, அது சரிதான், ஆனா வாடைங்கறது துகள் இல்ல, ஆவி, அதுக்கு வாடைய உறிஞ்சற கரி, ஆக்டிவேட்டட் கார்பன் வேணும், அதுவும் பேருக்கு தூவுன கார்பன் இல்ல, கையில தூக்குனா கனக்குற அளவுக்கு. எல்லாம் சுத்தம் பண்ணதுக்கு அப்புறம் மிச்சம் மீதிய எடுக்க பியூரிஃபையர் உதவும். மூலத்த விட்டுட்டு பியூரிஃபையர் மட்டும் ஓட்டுனா கார்பன்தான் சீக்கிரம் நெறைஞ்சு போகும்.

இந்த நேரத்துலதான் பத்துமலை கோயில்ல பாத்த ஒரு அக்கா இந்த அண்ணன் நம்பர குடுத்தாங்க. போன் அடிச்சு, அண்ணே, சிகரெட் வாடை, யூனிட்ட கழட்டி கழுவணும்னேன். எப்ப வரட்டும், எவ்ளோன்னு சொல்வாருன்னு பாத்தா அவரு கேட்ட மொத கேள்வி, "சுவத்த கழுவுனீங்களாம்மா?"

இல்லண்ணே, பெயின்ட் புதுசுன்னேன்.

"பெயின்ட் அடிச்சா மூடி வச்ச மாதிரிதாம்மா. சுவரு, சீலிங், காத்தாடி றெக்க, கர்ட்டன், எல்லாத்தையும் கழுவி முடிச்சிட்டு கூப்புடுங்க. இப்ப நான் வந்து கழுவிக் குடுத்து காசு வாங்கிட்டு போயிருவேன், ஒரு மாசத்துல சுவத்துல இருக்குறத ஏர்கோன் இழுத்து திரும்ப உள்ள அப்பிக்கும், அப்புறம் என்னத்தான் திட்டுவீங்க."

வர்ற வேலைய தள்ளி வச்ச ஆள நான் இந்த லைன்ல பாத்ததே இல்ல. அந்த ஒரு பேச்சுக்கே அஞ்சு ஸ்டார் குடுக்கலாம்.

சொன்னபடி செஞ்சோம். சுவத்துக்கு வெதுவெதுப்பான தண்ணி, அதுல வெள்ள வினிகர், கொஞ்சம் பாத்திரம் கழுவுற சவுக்காரம். வினிகர் ஏன்னா நிக்கோடின் காரத்தன்ம உள்ளது, புளிப்பு பட்டா உப்பா மாறி தண்ணியில கரையும், தாருக்கு சவுக்காரம் வேணும், ரெண்டும் சேந்தாதான் எறங்குது. கையொற கண்டிப்பா போடணும், நிக்கோடின் தோலு வழியா உள்ள போகும். சீலிங்க முடிச்சிட்டு சுவத்துக்கு வந்தோம், சுவத்த கீழேர்ந்து மேல தொடைக்கணும், மேலேர்ந்து ஆரம்பிச்சா வழியற அழுக்குத் தண்ணி காஞ்ச சுவத்துல கோடு கோடா கறையா நின்னுரும். ஒரு எச்சரிக்க, வினிகரோட க்ளோராக்ஸ் மாதிரி ப்ளீச் கலந்துறாதீங்க, குளோரின் கேஸ் வரும், மூடுன பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. சீலிங்ல பெயின்ட் அடிக்காம விட்ட மூலையில ஸ்பாஞ்ச் வச்சா மஞ்சளும் காவியும் கலந்து வழியுது, அந்த புது பெயின்ட் சுவத்துலயே அங்கங்க மஞ்சத் திட்டு வெளிய தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு. தண்ணி பெயின்ட நேரா நிக்கோடின் மேல அடிச்சா இப்படித்தான் கறை ஊறி வெளிய வரும், அடியில ஆயில் பேஸ் சீலரோ ஷெல்லாக் சீலரோ ஒரு கோட் போட்டுட்டுதான் மேல பெயின்ட் அடிக்கணும். நாங்க மாஸ்டர் ரூமுக்கும் ஹாலுக்கும் கழுவி சீலர் போட்டு திரும்ப அடிச்சோம். முன்ன ஓனர் விட்டுட்டு போன கர்ட்டனையும் மெத்தையையும் தூக்கிப் போட்டோம், அத காப்பாத்த நெனைக்கறது வீண் செலவு.

அப்புறம் கூப்ட்டேன், சனிக்கெழம காலையில வந்தாரு. வந்த உடனே டூல்ஸ் பெட்டிய தொறக்கல. ரூம சாத்தி வச்சிருக்கச் சொல்லியிருந்தாரு, உள்ள போய் மூச்ச இழுத்து பாத்தாரு, ரூம் சுத்தம்னாரு. அப்புறம் ஏர்கோன குளிர் இல்லாம வெறும் ஃபேன்ல ஓட விட்டு காத்து வர்ற வாயில மூக்க வச்சாரு, அப்பவே வாடை வந்துச்சு, அப்படின்னா புளோவர்ல இருக்குன்னாரு. அப்புறம் கூல்ல போட்டு கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பாத்தாரு, இப்ப வாடை ஜாஸ்தி ஆச்சு, காயிலயும் தண்ணி தட்டுலயும் இருக்கு. டார்ச் அடிச்சு என்னையும் பாக்கச் சொன்னாரு. மொத கம்பெனி கழுவுன யூனிட்டுதான் அது. காயில் முன் பக்கம் பளபளன்னு இருக்கு, உள்ள புளோவர் றெக்க ஒவ்வொன்னு நுனியிலயும் காவி நெறத்துல பிசின் மாதிரி உருண்டு நிக்குது, அதுல பஞ்சு பஞ்சா தூசி.

முழு யூனிட்டையும் கீழ எறக்கணும்னாரு. அதுக்கு முன்ன வெளி யூனிட்டுகிட்ட போய் கேஸ் மொத்தத்தையும் அந்த வெளி யூனிட்டுக்குள்ளயே இழுத்து வால்வ அடைச்சாரு, பம்ப் டவுன்னு சொல்றாங்க. காத்துல கேஸ வெளிய விடற ஆளுங்க இருக்காங்க, அது தப்பு, எங்க வீட்டுது R32, லேசா தீப்புடிக்கற கேஸ் வேற. பைப்ப கழட்டி ரெண்டு நுனிக்கும் டேப் சுத்தி மூடிட்டு யூனிட்ட எறக்குனாங்க. எறக்குனதும் சுவத்துல யூனிட் இருந்த எடம் மட்டும் சுத்த வெள்ளையா ஒரு நீளக் கட்டம், நாங்க கழுவி பெயின்ட் அடிச்சதுக்கு பக்கத்துல அது வேற ஒரு வீட்டு சுவரு மாதிரி இருந்துச்சு, பத்து வருஷத்துக்கு மேல பொகையே படாத சுவரு. பைப் போற ஓட்டைய அடைச்சிருந்த பழைய புட்டிப் பசை கூட பழுப்பேறி நாத்தம் புடிச்சிருந்துச்சு, அதையும் நோண்டி எடுத்துட்டாரு.

பாத்ரூம்ல பெரிய கேன்வாஸ் விரிச்சு தனித்தனியா பிரிச்சாங்க. போர்ட், மோட்டார், சென்ஸர் எல்லாம் தண்ணி படாத எடத்துல துணி மேல வச்சாச்சு. காயிலுக்கு நொர வர்ற கெமிக்கல், அளவா தண்ணி கலந்து. இது காரமான கெமிக்கல், ஊற வச்சு மறந்துட்டா அலுமினியத்த அரிச்சிரும், அதனால நொர அடங்குறதுக்குள்ள அந்தத் தம்பி பம்ப் அடிச்சு அடிச்சு அலசிக்கிட்டே இருந்தான். புளோவர சுடுதண்ணியில பிசுக்கு எடுக்குற டிகிரீஸர் போட்டு நனைய வச்சு, சின்ன பிரஷ்ஷால றெக்கைக்கு றெக்க அந்த அண்ணனே ஒக்காந்து தேச்சாரு, அந்த வேலைக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல போயிருக்கும். மொத வாளித் தண்ணி கோப்பி ஓ (பால் ஊத்தாத கோப்பி) மாதிரி இருந்துச்சு, பொய் சொல்லல, போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டேன். தண்ணி தெளிஞ்சுச்சுன்னு விட்டுடாம வெள்ள டிஷ்யூவ ஈரமாக்கி றெக்கைக்கு நடுவுல விட்டு இழுத்து பாத்தாரு, மஞ்சளா வந்தா திரும்ப தேய்ப்பாரு, டிஷ்யூ வெள்ளையா வர்ற வரைக்கும் எழுந்திருக்கல.

நான் எதிர்பாக்காத ஒன்ன அப்புறம் காட்டுனாரு. தண்ணி தட்டுக்கு கீழயும் காத்து வாய் ஓரத்துலயும் ஸ்பாஞ்ச் பட்டையா ஒட்டியிருக்கும், தண்ணி வேர்க்காம இருக்கறதுக்கும் காத்து ஒழுகாம இருக்கறதுக்கும். அத பிச்சு என் கையில குடுத்து மோந்து பாருங்கம்மான்னாரு. ஒரு வெரல் நீளம்தான் இருக்கும், ஆஷ்ட்ரேய மூக்குகிட்ட வச்ச மாதிரி குப்புன்னு அடிச்சுச்சு. கெமிக்கல் வாஷ் செய்ற பாதிப் பேரு இத மாத்தறதே இல்ல, கழுவுனாலும் ஸ்பாஞ்சுக்குள்ள ஊறுனது போகாது, அப்புறம் கஸ்டமர் கூப்ட்டு வாடை போகலன்னா ஓசோன் விக்கிறதுன்னு சொன்னாரு. எல்லா பட்டையையும் சொரண்டி எடுத்து, பசைய தொடச்சு, புது ஃபோம் டேப் வெட்டி ஒட்டுனாரு. தண்ணி போற ட்ரெயின் பைப்ப உள்ளேர்ந்து ஊதி சுத்தம் பண்ணி, பைப்புக்கு மேல சுத்தியிருந்த பழைய டேப்ப ரூமுக்குள்ள தெரியற அளவுக்கு மாத்துனாரு. ஃபில்டர் நெட்டு புதுசு வாங்கிக்குங்க, பழச கழுவாதீங்கன்னாரு.

எல்லாம் காஞ்சு திரும்ப மாட்டி, வாக்குவம் பம்ப் போட்டு அர மணி நேரம் போல பைப்புக்குள்ள இருந்த காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துட்டுதான் கேஸ தொறந்து விட்டாரு. மீட்டர்ல பாத்தா கேஸ் சரியா இருந்துச்சு, ஒரு சொட்டு ஏத்தல. டாப் அப் பண்ணணும்னு சொன்னாங்களே மொத கம்பெனி, அத இங்க ஞாபகப்படுத்திக்கிறேன்.

தொறந்தப்ப மொத பத்து நிமிஷம் லேசா கெமிக்கல் வாடை, அப்புறம் ஒன்னுமில்ல. ஒன்னுமே இல்லாத குளிர் காத்து. கதவ சாத்திட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டு காலையில உள்ள போய் பாத்தோம், மழை பெஞ்ச நாள்லதான் பழைய வாடை ஜாஸ்தி வரும்னு மழை நாள்லயும் பாத்தோம், வரல. அம்மா இப்ப அந்த ரூம்லதான் படுக்கறாங்க. மாசக்கணக்காச்சு, இன்னும் வரல. பக்கத்து சின்ன ரூம் யூனிட்ட கழுவாம வச்சிருந்தோம், அத தொறந்தா இன்னமும் வாடை வருது, அதனால வித்தியாசம் நல்லாவே தெரியுது.

எங்க மாமா பொண்ணு டொரொன்டோவுல இருக்கா, அவளுக்கும் இதே பிரச்சன, அங்க வீடு முழுக்கத்துக்கும் சேத்து ஒரே ஃபர்னஸ் (காத்த சூடாக்கற மெஷின்), டக்ட்டுங்கற காத்துக் குழாய் வழியா எல்லா ரூமுக்கும் சூடும் குளிரும் போகும். குளிர் காலம் தொடங்கி ஹீட்டர் போட்ட மொத நாளே முன்ன இருந்தவரோட சிகரெட் எல்லா ரூமுக்கும் வந்துருச்சாம், சூடு பட்டா பிசுக்கு ஆவியா கெளம்பும்ல. அவகிட்டயும் டக்ட் மட்டும் சுத்தம் பண்ண ஆளுங்க வந்திருக்காங்க. அண்ணன்கிட்ட கேட்டதுக்கு ஃபர்னஸ் நான் பாத்தது இல்லம்மா, ஆனா காத்து படற எல்லா எடத்தையும் கழுவணும், புளோவரும் காயிலும் விட்டுட்டா டக்ட கழுவி பிரயோஜனம் இல்லன்னாரு. அவ அங்க விசாரிச்சதும் அதேதான், புளோவர் அறை, ஏ காயில் (A எழுத்து வடிவத்துல இருக்குற குளிர் காயில்), டக்ட் மூணையும் சேத்து செய்யணும், ஃபில்டர இன்னும் நுண்ணிய துகள புடிக்கற மெர்வ் 13 ரகத்துக்கு மாத்தலாம், ஆனா பழைய ஃபர்னஸ்னா காத்து ஓட்டம் கொறையுதான்னு ஆள வச்சு பாத்துட்டு மாத்தணும், உள்ளுக்குள்ள ஃபைபர்கிளாஸ் ஒட்டுன டக்ட்ல வாடை ஊறிப் போச்சுன்னா அந்தப் பகுதிய மாத்தறதுதான் வழி. நம்ம ஊருலயும் சில பழைய கொண்டோவுல சீலிங்குள்ள டக்ட் போட்ட ஏர்கோன் இருக்கு, அவங்களுக்கும் இது பொருந்தும்.

கொறைன்னு பாத்தா, ஒன்பது மணின்னு சொல்லிட்டு பத்தரைக்குத்தான் வந்தாரு, போனும் எடுக்கல. முடிக்க சாயங்காலம் ஆயிருச்சு, ஒரு யூனிட்டுக்கு நாள் முழுக்க ஆள் வீட்டுல இருக்கணும். பாத்ரூம கழுவிக் குடுத்துட்டுதான் போனாங்க, ஆனா டைல் இடுக்குல காவிக் கறை நின்னுருச்சு, அத நாங்கதான் அப்புறமா தேச்சோம். ரிசீட் கையால எழுதுனது, லேண்ட்லோர்ட்கிட்ட கிளைம் பண்றவங்க முன்னாடியே சொல்லி ஒழுங்கா வாங்கிக்குங்க. யூனிட் வாரண்டியில இருந்தா வெளி ஆள் கழட்டுனா பிரச்சன வரலாம்னு அவரே ஞாபகப்படுத்துனாரு, எங்களுது வாரண்டி முடிஞ்சு ரொம்ப நாளாச்சு.

காசு, 1 எச்பி யூனிட்டுக்கு 260 வெள்ளி, ஃபோம் டேப்பும் புட்டியும் சேத்து, புது ஃபில்டர் தனி. மத்தவங்க கெமிக்கல் சர்வீஸ்க்கு கேக்குறதவிட ரெண்டு மடங்குதான், ஆனா 130, அப்புறம் ஓசோனுக்கு 350ன்னு குடுத்து வாடையும் போகாம இருக்குறதுக்கு இது எவ்வளவோ மேல். நீங்க வேற யார கூப்ட்டாலும் போன்லயே கேளுங்க, புளோவர கழட்டி வெளிய எடுப்பீங்களா, யூனிட்ட எறக்குவீங்களா, ஸ்பாஞ்ச் பட்டைய மாத்துவீங்களா, திரும்ப மாட்டும்போது வாக்குவம் போடுவீங்களா. இதுக்கெல்லாம் மழுப்புனா வேற ஆள பாருங்க. சுவத்த பத்தி அவங்களே கேட்டா அந்த ஆள விட்றாதீங்க.

ஹால் யூனிட்டும் சின்ன ரூமும் இன்னும் பாக்கி இருக்கு. தீபாவளிக்கு முன்ன எல்லாரும் வீட்ட சுத்தம் பண்றதால அவருக்கு புக்கிங் நெறஞ்சிருமாம், ஹாலுக்கு அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கெழம தேதி குடுத்திருக்காரு, காத்தாடியையும் சீலிங் லைட்டையும் அதுக்குள்ள கழுவி வைக்கச் சொல்லியிருக்காரு.